எத்தனை நாளா?

அந்த யோசனை எனக்கு வந்தது பொது ஜெபத்தின் நடுவில். எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரம். நான் திறந்து வைத்திருந்தேன். காரணம், பீடத்தின் படியில் நின்று ஜெபம் நடத்திக்கொண்டிருந்த அக்காவே கண்ணைத் திறந்துவிட்டார்.

அவர் கையில் ஒரு சீட்டு இருந்தது. எங்கள் சபை வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபம் வேண்டுகிறவர்கள் எதற்காக என்று எழுதி அதில் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபத்தைப் போதகர் செய்வதில்லை. சபையாரில் விருப்பமுள்ள சிலர் முறைவைத்து அந்தச் சீட்டுகளை எடுத்து ஜெபிப்போம். வேதம் வாசிப்பதும் பாட்டு நடத்துவதும் அப்படித்தான். அன்றைய சீட்டில் ‘குடும்பத்தில் சமாதானம் வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

“இது யாரோடதுங்க?” என்று கேட்டார்.

ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நம்மிடம் பேசினால் என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஒரு பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஆமென் சொல்லிவைத்தார்.

“சரி, பேரு வேணாம். எத்தனை நாளா?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “ரெண்டு மாசமா.”

“சரிம்மா.” அக்கா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். “ஆண்டவரே, ஒரு வீட்டுல ரெண்டு மாசமா சமாதானம் இல்ல. அதுக்கு முன்னாடி இருந்திருக்கு. பார்த்துக்குங்க. ஆமென்.”

சபை ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை. போனிலேயே ஒரு படிவம் போட்டு, பேர், விஷயம், விவரம் என்று கட்டம் கட்டிவிட்டால் இந்தக் குழப்பமே வராதே என்று மனதுக்குள் கட்டம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போடும் கவுன்டரில் வேலை. காலையில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் மதியம் வரை பேரு, வயசு, ஊரு, என்ன தொந்தரவு, எத்தனை நாளா என்று ஐந்து கேள்விகள். இதையே இருபது வருடம் கேட்டவர். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சபையில் அவர் சீட்டு அக்காதான்.

ஐந்து கேள்விகளில் முதல் நான்கை அவர் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார். ஐந்தாவது மட்டும் கூடவே வரும். மிக்ஸி ஓடவில்லை என்றாலும், மகனுக்குப் பெண் பார்க்கிறோம் என்றாலும், சாம்பாரில் உப்பு கம்மி என்றாலும் முகம் மாறாமல் “எத்தனை நாளா?” என்பார். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று முதல்முறை அறிமுகம் செய்துகொண்டபோதும் அதையேதான் கேட்டார். நான் பேச்சை மாற்றி, சபைக்கு ஒரு ப்ரொஜெக்டர் வாங்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றிச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரிப்பார். அவர் அம்மாவின் பழைய எக்ஸ்ரே கவர்கள் மூன்று அவரிடம் இருந்தன. ஒன்றின் மேல் ‘அட்மிஷன்’, இன்னொன்றில் ‘டிஸ்சார்ஜ்’, மூன்றாவதில் ‘வேற டிபார்ட்மெண்ட்’ என்று பேனாவால் எழுதியிருக்கும். புதுச் சீட்டு வந்தால் அட்மிஷன். விஷயம் முடிகிறவரை அது அந்தக் கவரிலேயே இருக்கும். ஞாயிறுதோறும் ஜெபத்தில் வரும். முடிந்தால் சொந்தக்காரர் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் டிஸ்சார்ஜ்.

மூன்றாவது கவர்தான் சபையில் கொஞ்சம் சலசலப்பை உண்டாக்கியது. ‘எங்கள் தெருவில் அடிக்கடி கரண்டு போகிறது’ என்று ஒருவர் சீட்டுப் போட்டிருந்தார். அக்கா அதை ஜெபத்தில் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்து, இது ஈ.பி. ஆபீஸ் என்றார். அங்கே போயாச்சு, கேட்கமாட்டேன் என்கிறார்கள் என்று அவர் சொன்னார். அப்படியானால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள், அங்கே கொடுங்க, அங்கேயும் நடக்கலைனா எடுத்துட்டு வாங்க, அட்மிஷன் போட்டுக்கலாம் என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். மூன்று வாரம் கழித்து வந்து, கம்பி மாற்றிவிட்டார்கள் என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். ஜெபத்தில் தன் தெருவின் பெயர் வரவில்லையே என்ற வருத்தம்.

டிஸ்சார்ஜ் கவரை ஒருநாள் நான் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் முடிவு எழுதியிருந்தது. ‘வேலை கிடைத்தது, சம்பளம் கம்மி.’ ‘பெண் குழந்தை.’ ‘கால் வலி போகவில்லை, பழகிவிட்டது என்கிறார்.’ ஒரு சீட்டில் ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் இருந்தது. சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் கஷ்டப்பட்ட ஒரு பெரியவருடைய சீட்டு அது. இரண்டு வருடமும் அக்கா அவர் பெயரை விடாமல் சொல்லியிருக்கிறார். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

“இவரு செத்துட்டாரேக்கா. இது எப்படி டிஸ்சார்ஜ்?”

“இனிமே கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லையேம்மா.”

“அதுக்காக ‘கிடைக்கவில்லை’னு எழுதணுமா?”

“கேட்டோம். கெடைக்கல. வேற என்ன எழுத?”

அவர் ஜெபத்தில் நடுக்கம் கிடையாது, கண்ணீர் கிடையாது, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் ஏற்றுவது கிடையாது. கம்பிக்குள்ளிருந்து பேர் கூப்பிடுகிற குரலேதான். சபைச் செயலருக்கு இது பிடிக்கவில்லை. ஜெபம் மாதிரியே இல்லை, ரேஷன் கடை மாதிரி இருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அக்கா கோபப்படவில்லை.

“ரேஷன் கடைல பேரு விட்டுப்போச்சுன்னா சாமான் கெடைக்காதுண்ணே,” என்றார். “அதான் நிறுத்தி சொல்றேன்.”

எனக்கு மிகவும் பிடித்தது மழை விஷயம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற இரண்டு குடும்பங்கள் எங்கள் சபையில் உண்டு. ஒரே வாரத்தில் இருவரும் சீட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவர், விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், மழை வேண்டும் என்று. இன்னொருவர், பிடுங்கிய மல்லாட்டைக் கடலை களத்தில் காய்கிறது, மழை வேண்டாம் என்று. நானாக இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு உம்முடைய சித்தப்படி ஆகட்டும் என்று முடித்திருப்பேன். அக்கா சனிக்கிழமையே இருவருக்கும் போன் போட்டிருக்கிறார். எத்தனை நாளாகக் காய்கிறது, இன்னும் எத்தனை நாள் காய வேண்டும், விதைத்து எத்தனை நாளாச்சு, எத்தனை நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் இப்படி வந்தது.

“ஆண்டவரே, மழை விஷயமா ரெண்டு சீட்டு இருக்கு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. புதன்கிழமை வரைக்கும் வேணாம். வியாழக்கெழமைல இருந்து குடுங்க. ஆமென்.”

மழை வெள்ளிக்கிழமைதான் வந்தது. ‘ஒரு நாள் லேட்’ என்று எழுதி டிஸ்சார்ஜ் கவரில் போட்டார்.

செங்கம் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர்கள் சிலசமயம் எங்கள் கோயிலுக்குள்ளும் வந்து உட்காருவார்கள். அமைதியாக இருக்கும் என்று நினைத்து வருவார்கள். ஹார்மோனியம் ஆரம்பித்ததும் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை இருந்து, பெட்டியில் ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தை எழுதிப் போட்டார். அமைதி. அக்கா அவரை வாசலில் நிறுத்தி, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, எத்தனை நாளாக இல்லை என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். ஏழு வயதிலிருந்து என்றார். அக்கா சீட்டில் ‘ஏழு வயசுல இருந்து’ என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் ‘செங்கம் ரோட்டுல ரூம் எடுத்திருக்கிற, பேரு வாயில நுழையாத சகோதரன்’ என்று ஜெபித்தார். அந்த மனிதர் ஊரைவிட்டுப் போகும் வரை எல்லா ஞாயிறும் வந்தார். ஹார்மோனியத்தைப் பொறுத்துக்கொண்டார்.

இனி எங்கள் ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ‘எங்க ஐயர் வீட்ல பிரியாணி’ என்று சொல்லிக் கல்லூரியில் ஒரு வாரம் நான் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஐயருக்கு மூன்று சபைகள். கீழ்பென்னாத்தூரில் குடியிருக்கிறார், அங்கே காலை ஏழு மணி ஆராதனையை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு எங்களிடம் வருவார். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மட்டும் வர முடியாது. கிரிவலக் கூட்டத்துக்காக ஊரைச் சுற்றித் தடுப்பு வைத்துவிடுவார்கள். பஸ் எல்லாம் வெளியே தற்காலிக நிலையத்தோடு சரி. ஒரு தடவை ஐயர் பிடிவாதமாகக் காரைத் தடுப்புக்கு வெளியே விட்டுவிட்டு, அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிரிவலம் போகிறவர்களோடு கலந்து நடந்தே வந்தார். வழியில் யாரோ மோர் கொடுத்தார்களாம். ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் சொல்வதற்குச் சரியாக வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு பௌர்ணமி ஞாயிறு முழுவதையும் எங்களிடமே விட்டுவிட்டார். பிரசங்கத்தை எழுதி அனுப்புவார், ஒருவர் வாசிப்போம்.

அந்த நாளில் நடக்க முடியாத வயதானவர்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஆட்டோ அண்ணன். எங்கள் சபையில் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். எந்தச் சந்தில் புகுந்தால் எந்தத் தடுப்புக்குப் பின்னால் வரலாம் என்று அவருக்குத் தெரியும். சவாரி அதிகம் கிடைக்கிற நாளிலும் இதற்காக வருவார். அவர் மூன்றாவது வரிசையில் உட்காருவார், அவர் மனைவி பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம்.

பாட்டு வரிகளைக் காட்டச் சபை ஒருவழியாக ப்ரொஜெக்டர் வாங்கியது. என் படிவம் தயாரானதும் அக்காவிடம் காட்டினேன். நோய், வேலை, திருமணம், தேர்வு, பயணம், மற்றவை என்று பிரித்திருந்தேன். போனில் நிரப்பினால் தானாகவே ப்ரொஜெக்டர் திரையில் ஒவ்வொன்றாக வரும். சபை முழுவதும் பார்த்து ஜெபிக்கலாம். அக்கா போனைத் தூரமாகப் பிடித்துக் கடைசிவரை படித்தார்.

“மத்தவைனு வெச்சிருக்கியே, அதுலதான் எல்லாரும் வருவாங்க,” என்றார். பிறகு, “எத்தனை நாளான்னு கேக்கல.”

சேர்த்தேன்.

“திரையில போடறதுக்கு முன்னாடி நான் ஒருதடவ பார்க்கணும்மா. சீட்டுல எழுதினத நான் அப்படியே படிக்கறதில்ல.”

அது எனக்குத் தெரியும். மருமகளைத் திட்டி எழுதிய சீட்டு ‘ஒரு வீட்டில் இரண்டு பேருக்குப் பொறுமை வேண்டும்’ என்று வாசிக்கப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் படிவத்தைத் துவக்கிய வாரத்தில் பௌர்ணமி வந்தது. கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை அக்காவுக்கு அங்கே ட்யூட்டி. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. வந்த பதினான்கு விண்ணப்பங்களில் ஒன்பது ‘மற்றவை’ என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்ற எரிச்சலில் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஞாயிறு காலையில் திரையில் முதலில் ஒரு தேர்வு வந்தது. அடுத்து ஒரு மூட்டுவலி. அக்கா திரையைப் பார்க்காமல், படியில் நின்று, நான் சைகை காட்டியதும் திரும்பி வாசித்து ஜெபித்தார். மூன்றாவதாக வந்தது இது.

‘என் வீட்டுக்காரர் குடியை விடணும். ஆட்டோவை நிறுத்திட்டு நேரா கடைக்குத்தான் போறார். பசங்க வளந்துட்டாங்க, எல்லாம் பார்க்கறாங்க. எத்தனை நாளா: பதினோரு வருஷமா.’

திரை வைத்த நாளிலிருந்து ஜெபத்தில் யாரும் கண்ணை மூடுவதில்லை. எல்லோரும் படித்தார்கள். நான் அதை அணைக்கப் போய் வேறு எதையோ அழுத்தினேன். எழுத்து பெரிதாகிவிட்டது.

ஆட்டோ அண்ணன் பாதி எழுந்திருந்தார். ஒரு கை முன் பெஞ்சைப் பிடித்திருந்தது. அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சுவர்தான் இருக்கிறது. அக்கா திரும்பி, எல்லாவற்றையும் வாசிக்கிற மாதிரி இதையும் கடைசி எழுத்துவரை வாசித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“இது நம்ம சபை சீட்டு இல்லைங்க,” என்றார். “கவுன்டர்ல ஒரு அம்மா சொல்லி அழுதாங்க. போளூர்க்காரங்க. நான்தான் போன்ல போட்டேன். உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்.”

கம்பிக்குள்ளிருந்து வருகிற அதே குரல். ஆட்டோ அண்ணன் உட்கார்ந்தார். சபை மூச்சு விட்டது. எனக்குப் பின்னால் ஒருவர், பாவம் அந்தப் போளூர் அம்மா என்றார்.

அக்கா கண்ணை மூடினார். “ஆண்டவரே, இவரு யாருன்னு உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷமா. பார்த்துக்குங்க. ஆமென்.”

போளூர் என்பதை எங்களிடம்தான் சொன்னார். ஜெபத்தில் சொல்லவில்லை. இது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எடுபட்டிருக்காது. செயலர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஐயர் சொல்லியிருந்தால் நாசூக்காகச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். மழை ஒரு நாள் தாமதம் என்று ஆண்டவர் மேலேயே குறிப்பு எழுதுகிற பெண் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். சாயங்காலம் ஆட்டோ அண்ணனின் மனைவி போன் செய்து, “பாப்பா, அத அழிச்சிட்டியா?” என்று கேட்கும் வரை நம்பினேன்.

படிவத்தை அழித்தேன். பொய்யை யாராலும் அழிக்க முடியவில்லை. பெண்கள் ஐக்கியத்தார் புதன்கிழமைக் கூட்டத்தில் போளூர் அம்மாவின் கணவருக்காகத் தனியாக ஜெபம் வைத்தார்கள். இரண்டு சேலை சேர்த்து, அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் தந்தார்கள். அவர் வாங்காமல், விலாசம் தெரியாது என்றார். அது உண்மைதான். செயலர் ஒருபடி மேலே போய், போளூரில் தனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கட்டுமா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு, வேறொருவர் பொது ஜெபம் நடத்தும்போது, போளூரில் குடியால் நொந்த அந்தக் குடும்பத்துக்காக என்று சொல்ல, சபை முழுவதும் உருக்கமாக ஆமென் சொன்னது. ஆட்டோ அண்ணனும் சொன்னார். அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கே ஐயரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். லீவு லெட்டர் மாதிரியே எழுதியிருந்தார். பீடத்தின் படியில் நின்று உண்மையில்லாத ஒன்றைச் சொன்னபடியால் பொது ஜெபம் நடத்தும் முறையிலிருந்து என்னை விடுவிக்கவும். ஐயர் என்ன பொய் என்று கேட்டார். சொல்ல முடியாதுங்க ஐயா என்றார். நான் பக்கத்தில் ப்ரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எத்தனை நாளைக்கும்மா?” என்றார்.

அக்கா கையிலிருந்த கவர்களைப் பார்த்தார். அவரிடம் கணக்கு இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“தெரியலைங்க ஐயா,” என்றார்.

மூன்று கவர்களையும் என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சபையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முன் படியில் நின்றே பொய் சொன்னதாம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. எந்தப் பொய் என்று மட்டும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போளூர் சேலைகள் சபை பீரோவில் பத்திரமாக இருந்தன. நான் எழுந்து இரண்டு வாக்கியம் சொன்னால் அக்காவின் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தில் ஆட்டோ அண்ணன் வந்துவிடுவார்.

ஒருநாள் வாசலில் பிடித்துக் கேட்டேன்.

“எனக்காகத்தானேக்கா அப்படி சொன்னீங்க? நான் பண்ண தப்பு அது.”

“உனக்காக இல்ல.”

“பின்ன?”

“அந்தாளு அப்படியே எழுந்து வெளிய போயிருந்தா நேரா எங்க போயிருப்பாரும்மா?”

நேராகக் கடைக்குத்தான்.

“அப்ப சொன்னது சரிதானேக்கா. நீங்க எதுக்கு விலகணும்?”

“சொன்னது சரி. ஆனா சொன்னது பொய். ரெண்டையும் ஒரே கவர்ல போட முடியாதும்மா.”

கொஞ்ச நாளில் அவருக்குக் கீழ்பென்னாத்தூருக்கு மாற்றல் வந்தது. அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அங்கேயும் ஐயரின் சபைதான். அங்கேயும் கடைசிப் பெஞ்ச் என்று ஐயர் சொன்னார். இரண்டு முறை பேசிப் பார்த்தாராம். லீவு இன்னும் முடியவில்லை என்றாராம்.

அவருடைய முறை என்னிடம் வந்தது. கவர்கள் என்னிடம் இருக்கின்றன. மரப்பெட்டி மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. சீட்டுகளை வாசிக்கிறேன், கொஞ்சம் மாற்றியும் வாசிக்கிறேன். ஆனால் எத்தனை நாளா என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வந்ததில்லை. அதைக் கேட்பவர் அவர். நான் கேட்டால் அவரைப்போல நடித்துக் காட்டுகிற மாதிரி இருக்கும். அட்மிஷன் கவர் பெருத்துக்கொண்டே போகிறது. டிஸ்சார்ஜ் கவரில் அவர் கையெழுத்துக்குப் பிறகு இரண்டே சீட்டுகள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பெட்டியைத் திறந்தபோது, தினசரி காலண்டர் தாள் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது. பேர் இல்லை. பெரிய பெரிய எழுத்து, எழுதிப் பழக்கமில்லாத கை.

‘அன்னைக்கு போளூர்னு சொன்ன அக்காவே வந்து ஜெபம் பண்ணணும். வேற யாரும் வேணாம். எத்தனை நாளா: பன்னெண்டு வருஷமா. விட்டு: ஒன்பது நாளா.’

அதை வாசித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். ஆட்டோ அண்ணன் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

வருகிற ஞாயிறு பௌர்ணமி. ஐயர் வரமாட்டார். பொது ஜெபம் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. சீட்டைப் பார்த்த அன்று மதியமே ஆட்டோ அண்ணனுக்குப் போன் செய்தேன். சீட்டைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனம் ரோட்டுத் தற்காலிக பஸ் நிலையத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும், எட்டரை மணிக்கு என்றேன். ஆட்டோவை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“வருவாங்களா?” என்றார்.

“தெரியலண்ணே.”

“நான் எட்டு மணிக்கே நிக்கறேன்.”

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போகப்போகிறேன். வீட்டுக்குப் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார். அதனால் ஓ.பி. வரிசையிலேயே நிற்பதாக உத்தேசம். என் முறை வரும்போது அவர் நிமிர மாட்டார். பேரு கேட்பார், சொல்வேன். வயசு, ஊரு, சொல்வேன். என்ன தொந்தரவு என்றால், ஒரு அக்கா லீவில் இருக்கிறார் என்று சொல்வேன். எத்தனை நாளா என்பார். ஒரு வருஷம் ஒன்றரை மாசமா. அதற்குப் பிறகு காலண்டர் தாளைக் கம்பிக்குள் நீட்டுவேன். பின்னால் நிற்பவர்கள் திட்டினால் திட்டட்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாளில் ஒன்பது நாள் என்று இருக்கிறது. அது போன ஞாயிற்றுக் கணக்கு. சனிக்கிழமைக்கு அது பதினைந்தாகியிருக்க வேண்டும். ஆகாமலும் இருக்கலாம். ‘இப்ப எத்தனை?’ என்று அக்கா நிச்சயம் கேட்பார். தெரியாது என்று சொன்னால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நானே கூட்டிச் சொன்னால் அது இன்னொரு போளூர் ஆகிவிடும்.

ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். நாலு பேர் நிற்பார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும். நேற்றிலிருந்து கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். குரல் ஏறக்கூடாது, இரக்கப்படுகிற மாதிரி இருக்கக்கூடாது, முகம் மாறக்கூடாது.

“எத்தனை நாளாச்சுண்ணே?”